ஈட்டிக்காரனை வீழ்த்தியது யார்

பாலத்தின் நடுவே ஈட்டியோடு நிற்பவனைக் காணோம். ஞாயிறு காலை டிவியைப் போட்டு, வீடியோ கேமை விட்ட இடத்திலிருந்து தொடங்கினால், பாலம் காலி. பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது.

மழைக்காலம் முழுக்க அவனிடம் செத்திருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், வெளியே சொல்ல வெட்கமான ஆசை: அவனை என் கையால் வீழ்த்த வேண்டும். யாரோ களவாண்டுவிட்டார்கள்.

சந்தேகம் முதலில் மனைவியின் தம்பி மேல். ஓசூரில் வேலை, வாரக்கடைசியில் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டில்தான் இருப்பான். கேம் பெட்டியும் இரண்டு சாமுராய் ஆட்டங்களும் அவன் வாங்கியவை.

"ஏன் மாப்ள, என் ஆட்டத்தத் தொட்டியா?"

"நானா? அந்தாளுகிட்ட நானே ஒத வாங்கிட்டுக் கெடக்கறேன் மாமா. நீங்க ரெண்டாவது ஆட்டத்துக்கு வந்துருங்க. அதுல செத்தவனையாச்சும் தொணைக்குக் கூப்புட்டுக்கலாம்."

அந்த இரண்டாவது ஆட்டத்தை நான் நம்புவதில்லை. வேறெங்கோ இதே ஆட்டத்தை ஆடிச் செத்தவர்களின் வாள்கள் வழியெங்கும் நம் பக்கத்து நடுகற்கள் போல நிற்கும். தொட்டால் ஆவி எழுந்து கூடவே சண்டை போடும். விழுந்தவனிடமெல்லாம் கவசம் பொறுக்கலாம். மண்டித் தரகன் மாதிரி அந்த ஆட்டம் சிரித்துச் சிரித்துத் தரும். ஜெயித்தது கையா, கவசமா? கடைசிவரை தெரியாது. முதல் ஆட்டம் எதுவும் தராது. ஒரே வாள். எதிரியின் வெட்டு வந்து சேரும் அந்தக் கணத்தில் தடுக்க வேண்டும். முந்தினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. கருணையே இல்லாததால் அதை மட்டும் நம்பினேன்.

ஆட்டத்துக்குள் என் வீரனின் பையைத் திறந்து பார்த்தேன். மருந்துக் குடுவையில் ஒரு மிடறும் குறையவில்லை. மைத்துனன் சிராய்ப்புக்கே மருந்து குடிப்பவன். அப்படியானால், யார்?

செவ்வாய்க்கிழமை மத்தியானமே வேலையிலிருந்து திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது: டங், டங், டங். ஒரு தடுப்பும் பிசகவில்லை. உள்ளே மனைவி, ஈரக்கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கன்ட்ரோலரோடு.

"நீயா?"

"ஏங்க, வந்துட்டீங்களா? சனிக்கெழம என்னோடதுன்னு நெனச்சு உங்களோடதத் தொறந்துட்டேன். ஆள வெட்டினப்பறம்தான் தெரிஞ்சுது."

"உன்னோடதா? அப்படி ஒண்ணு இருக்கா?"

காட்டினாள். சேமித்த ஆட்டங்களின் பட்டியலில், என் ஆட்டத்துக்குக் கீழே அவளுடையது. கடைசிக் கோட்டையின் கதவில் நின்றது.

"எப்படித் தடுக்கற?"

"அவன் மூச்சு விடற சத்தம் கேக்குமில்ல? அப்ப அமுக்கறேன். நீங்கதான் டிவியத் திட்டிட்டே ஆடறீங்களே, எப்படிக் கேக்கும்?"

"உன் தம்பிகிட்ட சொல்லிராத."

"அவனுக்குத் தெரியுங்க. தெரியாதது உங்களுக்கு மட்டுந்தான்."

என்னுடையதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து துவரை உரித்தாள். முதல் காவல்காரனே என்னை வெட்டினான். சட்டென்று திரும்பினேன். குனிந்த தலை நிமிரவில்லை; தோள் மட்டும் குலுங்கியது.

இருமுகிறாளாம்.