மடியில் ஏழு பைகள்

நேற்று டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண்ணிடம் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். “பரவால்ல ஆன்ட்டி” என்று அவள் அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆனால் பையிலிருந்து வந்த எலுமிச்சை சோற்று வாசனை நேராக என் மடியில் வந்து உட்கார்ந்தது.

நான் பள்ளிக்கூடம் போன மாணவர் பேருந்து இப்போது ஓடுவதில்லை. அரியாங்குப்பத்தில் அது புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் கிடைக்கும். வழியில் ஏறி நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்தாமல், என் முகத்தையும் பார்க்காமல், ஒவ்வொரு பையாக என் மடியில் வைக்க, ஒன்றில் குடைக்கம்பி குத்தும், ஒன்றில் தண்ணீர் ஒழுகிப் பாவாடை நனையும், ஒன்றில் தினமும் எலுமிச்சை சோறு மணக்கும், முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி நிற்பதற்குள் ஏழு பைகள் என் முகத்துக்கு மேல் உயர்ந்துவிட, ரயில் போகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்கும். அவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. பைகளைத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் அப்போது பிரான்சில் இருந்தார்கள். நானும் அங்கே போக என் பேப்பர் வரும்வரை அத்தை வீட்டில் இருந்தேன். ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டுப் போனபோது, எலுமிச்சை சோற்றுக்காரி பையை நீட்டிக்கொண்டே முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

“மூணு நாளா எங்க போயிட்ட? பைய வெக்க எடமே இல்ல, தெரியுமா?”

அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் உடம்பு சுட்டிருக்கிறது. அத்தையிடம் சொல்லாமல் பேருந்து ஏறிவிடுவேன்.