பானூப் போடாத கையெழுத்து

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் முப்பத்தொரு வருடம் பூசைக்கான காணிக்கை அப்பம் சுட்ட பானூபுக்கு நல்ல வாய் கிடையாது. மாவு பிசையும்போது வேதத்திலிருந்து சங்கீதம் சொல்வார். சொல்லி முடித்த கையோடு, ஈர விறகு கொடுத்ததற்காக விறகுக்காரனின் தகப்பனைத் திட்டுவார். யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். புனிதர் என்று யாராவது சொன்னால் அவருக்கே குமட்டும்.

ஏழு வருடத்துக்கு முன், கால்வாயில் தண்ணீர் விடுகிற முறை யாருடையது என்ற சண்டையில், வஹ்பா என்பவன் அவருடைய ஒரே மகன் சமீஹை மண்வெட்டியால் அடித்துக் கொன்றான். வஹ்பாவும் எங்கள் சபைக்காரன்தான். ஜெயிலில் ஈரல் கெட்டுச் செத்தான். பார்க்கப்போன அபூனா மத்யாஸ், எங்கள் பாதிரியார், மனந்திரும்பச் சொல்லி எவ்வளவோ கெஞ்சியும், "அந்த சமீஹ் உயிரோட இருந்தா, வெளிய வந்து மறுபடியும் அடிப்பேன், அவன் செத்துத் தொலைஞ்சது உங்க நல்ல நேரம்" என்றானாம். அப்படிப்பட்ட பிறவி.

அவன் அம்மா முஃபீதா ஞாயிறு தவறாமல் அவன் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவாள். இறந்தவர்களின் பெயர்ச் சீட்டுகளைச் சேர்த்துப் பலிபீடத்தில் வாசிக்க அபூனாவிடம் கொடுப்பது, பூசைக்கு உதவுகிற டீக்கனான என் வேலை. வஹ்பாவின் சீட்டு போகக்கூடாது என்று கோயில் கமிட்டி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. நான் வாங்குவேன், "சரி, வஹ்பா அம்மா" என்று தலையாட்டுவேன், பிறகு கசக்கி, அப்பம் சுடும் அறையின் விறகுக் குவியலில் போட்டுவிடுவேன். இதை எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

அடுப்பு மூட்டக் குனிந்த பானூப் ஒருநாள் அந்தச் சீட்டைக் கண்டெடுத்தார். பெயரைப் படித்ததும் காறித் துப்பினார். துப்பிவிட்டு, சீட்டை முழங்காலில் வைத்துக் கையால் நீவினார்.

"இது எத்தனை வாரமா நடக்குது?"

"ரெண்டு வருஷமாண்ணே. கமிட்டி சொல்லிச்சு..."

"கமிட்டி ஒருத்தனை நரகத்துல தள்ளுன்னு சொன்னா தள்ளிடுவியா? எருமை!"

அன்றே சீட்டை அபூனாவிடம் கொண்டுபோய், அடுத்த பூசையில் வாசிக்கச் சொன்னார். எல்லாரையும் கடவுள் கடைசியில் மீட்பார், வஹ்பா உட்பட என்று நேராகவே சொல்லியிருக்கிறார். அபூனா பயந்து கமிட்டியைக் கூட்டினார்.

கூட்டம் ஞாயிறு பூசை முடிந்து நடந்தது. பானூப் அன்று காலை சுட்ட அப்பத்தில் மிச்சமிருந்ததைத் தின்றுகொண்டே நரகத்தைப் பற்றிப் பேசினார்கள். யார் யார் வேகிறார்கள், எவ்வளவு நேரம், நரகத்துப் புழு சாகுமா சாகாதா என்று, கல்யாணப் பந்தியில் கறியைப் பற்றிப் பேசுகிற அதே ருசியோடு. கமிட்டித் தலைவர் ஃபாயிஸின் மீசையில் அப்பத்தூள் ஒட்டியிருந்தது.

"எல்லாரும் மீட்கப்படுவாங்கன்னா, வருஷத்துல பாதி நாள் நோன்பிருந்து அவரையைத் தின்னு வயிறு காயறேனே, நான் என்ன மடையனா?" என்றார் ஃபாயிஸ். "கடைசியில நானும் அந்த வஹ்பாவும் ஒரே பந்தியிலயா?"

பானூப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீ நோன்பிருந்தது கடவுளுக்கா, இல்ல வஹ்பாவைப் பட்டினி போடவா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஃபாயிஸின் முகம் கறுத்தது. ஒரு காகிதத்தை நீட்டினார். 'வஹ்பா நித்திய நரகத்தில் இருக்கிறான், அவனுக்கு மீட்பில்லை என்று நான் நம்புகிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். பானூபுக்குச் சலுகை செய்வதாகவே நினைத்தார்கள். மகனைப் பறிகொடுத்தவனுக்கு இதைவிடச் சுலபமான கையெழுத்து உண்டா? போட்டால் அப்பம் சுடும் அறை அவருக்கு. இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போகவேண்டும். மனைவி போய், மகனும் போன அந்த மனிதருக்கு அந்த அறையை விட்டால் வேறு எதுவும் கிடையாது. இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"போடுங்க பானூப்," என்றார் அபூனா மெல்ல. "அவன் மனந்திரும்பல. நான் என் காதால கேட்டேன்."

"அபூனா, அவன் மேல எனக்குப் பாசம்னு நினைச்சீங்களா? அவன் பேரைச் சொன்னா எனக்கு வாந்தி வருது. ஆனா கேளுங்க. அவன் முடிவில்லாம வெந்துக்கிட்டே இருந்தான்னா, முடிவில்லாம கொலைகாரனாவே இருப்பான். அவன் கொலைகாரனா இருக்கறவரைக்கும் என் புள்ள வெட்டுப்பட்டவனாவே இருப்பான். கடவுள் ஜெயிச்சப்புறமும் அந்த மண்வெட்டி மட்டும் இறங்கிக்கிட்டே இருக்கணுமா? எனக்கு அந்தக் கொலை முடியணும். அவ்வளவுதான்."

"இது சபை தள்ளுன போதனை," என்றார் ஃபாயிஸ்.

"அப்ப என்னையும் தள்ளு." சாவியை மேசையில், அப்பத்தூளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனார். ஃபாயிஸ் இன்னொரு அப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அப்பம் சுட வந்தவன் ஃபாயிஸின் மச்சான். அவன் சுட்டதை வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் எல்லாரும் நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பெந்தெகொஸ்தே வந்தது. இறந்தவர்களுக்காக ஊரே முழங்காலிட்டுச் செபிக்கிற நாள். பாதாளத்தில் கிடக்கிறவர்களுக்காகக்கூட அன்று மன்றாடலாம் என்பது எங்கள் வழக்கம். ஜூன் மாத வெயில். கோயிலுக்குள் வேர்வையும் சாம்பிராணியும் மூச்சை அடைத்தன. வாசலில் முஃபீதா எப்போதும்போல் சீட்டைக் கொடுத்தாள். ஃபாயிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்ற சீட்டுகளை அபூனாவிடம் கொடுத்தேன். சமீஹின் பெயர் வந்தது. இன்னும் நூறு பெயர்கள் வந்தன. அபூனா முடித்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து, பாயில் நெற்றி பட மண்டியிட்டிருந்த பானூபின் கரகரத்த குரல் கேட்டது.

"முஃபீதா மகன் வஹ்பா. என் புள்ளயக் கொன்னவன். அவனையும், ஆண்டவரே. எனக்குப் பிடிக்கல. இருந்தாலும் அவனையும்."

அபூனாவின் கையில் ஆடிக்கொண்டிருந்த தூபக்கலசம் நின்றது. ஒவ்வொரு பெயர்த் தொகுதிக்கும் பிறகு 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்று டீக்கன் எடுத்துக்கொடுக்க வேண்டும்; அப்போதுதான் சபை பாடும். அது என் வேலை. எல்லாரும் காத்திருந்தார்கள். அபூனாகூட என்னைத்தான் பார்த்தார். நான் ஆரம்பித்திருந்தால் அவரும் சேர்ந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து முஃபீதா அந்த வரியைத் தனியாகப் பாடினாள். சுருதி சேரவில்லை. இரண்டாம் முறை, பின்வரிசையிலிருந்து பானூப் அவளோடு சேர்ந்துகொண்டார். மகனைக் கொன்றவனுக்காக அவர் வாய் திறந்தது. நான் நெற்றியைப் பாயில் அழுத்திக்கொண்டு, ஃபாயிஸ் என் பக்கம் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.