மூன்று கிளைடர் என்று எழுதினேன்

புஸ்ஸ்ஸ்...

பல்லடம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. போன வியாழக்கிழமை என் ஸ்கூட்டரின் பின் டயருக்குக் காற்றடித்துவிட்டு, கடைக்காரர் கம்ப்ரஸர் குழாயைப் பிடுங்கினார். அவ்வளவுதான் சத்தம். ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அதற்குள் நான் அண்ணாந்து பார்த்துவிட்டேன்.

"மேல என்னங்க இருக்குது?" என்றார் அவர், தானும் பார்த்தபடி.

என்ன இருக்கும்? கரண்ட் கம்பி. அதில் சிக்கிக் கிழிந்த பனியன் துண்டு ஒன்று. மிச்சமெல்லாம் வெயில்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டால் வானத்தைப் பார்ப்பதற்கு என் கழுத்து பழகிக் கிடக்கிறது. பழக்கியவர் இப்போது ஊரில் இல்லை. அவர் போனதற்கு இந்தப் பக்கமும் ஒரு காரணம்... நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதே மூலை. அதனால் இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்கு வழியில்லை.

சில மாதங்களுக்கு முன் கொக்குகளைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டு ராக்கெட் மேலே போய், அதற்குள்ளிருந்து மூன்று பொம்மை விமானங்கள் கொக்குகளைப் போல இறங்கி வந்தன என்று? நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். படித்து முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய்ச் சும்மா நின்றேன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

அந்த ராக்கெட்காரர் தண்டபாணி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பவர். அந்த அட்டையை வைத்துத்தான் அடுக்கடுக்காகத் துணி வெட்டுவார்கள். அட்டை தப்பினால் அத்தனையும் தப்பு. நான் அது மாதிரிக் கம்பெனிகளுக்கு லேபிளும் டேக்கும் அச்சடித்துக் கொடுக்கும் பிரஸ்ஸில் இருக்கிறேன். எனக்கு அவர் மாஸ்டர். அவருக்கு நான் கவிஞர். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

ராக்கெட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில். உள்ளே கொஞ்சம் தண்ணீர். தலைகீழாக நிறுத்தி, பம்ப்பால் காற்றை ஏற்றி, கயிற்றை இழுத்து விட்டால் – புஸ்ஸ்! தண்ணீர் கீழே, பாட்டில் மேலே. அதன் தலையில் ஒரு சாண் அட்டைக் குழாய். துணி ரோல் சுற்றி வரும் குழாய்தான். அந்தக் குழாய்க்குள் மூன்று கிளைடர்கள் – எஞ்சின் இல்லாத குட்டி விமானங்கள். பார்சலில் வரும் ஃபோம் ஷீட்டில் வெட்டி, இறக்கையை மடித்துச் செருகியவை. குழாய்க்கு மூடி, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பந்து.

உச்சியில் ராக்கெட் ஒரு கணம் தயங்கித் தலைகுப்புறத் திரும்பும். அப்போது மூடி கழன்று விழ வேண்டும். கிளைடர்கள் நழுவி வெளியே வர வேண்டும். ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக் சுண்டி இழுத்து இறக்கைகளை விரிக்க வேண்டும். பிறகு மூன்றும் மிதந்து மிதந்து இறங்க வேண்டும்.

வேண்டும், வேண்டும் என்றே இரண்டு வருஷம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிப்மெண்ட் அவசரம் இல்லாத வாரங்களில், வீட்டு மனை போட்டும் விற்காமல் கிடக்கும் ஒரு காட்டுக்குப் போவோம். எல்லைக் கற்களுக்கு நடுவே ராக்கெட்டை நிறுத்துவார். ஒரு வாரம் மூடி கழலாது. ஒரு வாரம் கழலும், கிளைடர் வராது. ஒரு வாரம் ராக்கெட்டே கிளம்பாமல் எங்கள் இருவரையும் குளிப்பாட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

"எதுக்கு மாஸ்டர் இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன், சட்டையைப் பிழிந்தபடி.

"இருபத்தெட்டு வருஷமாப் பேட்டர்ன் போடறனுங்க. ஒண்ணுகூட எம்படதில்ல. துணி வாங்கற பையர் ஸ்கெட்ச் அனுப்பறான், நான் போடறேன். இது ஒண்ணுதான் எவனும் கேக்காமப் போட்டது." பாட்டிலைத் துடைத்தார். "மூணும் விரியறத ஒருக்காப் பாத்துட்டாப் போதுமுங்க, கவிஞரே. அப்பறம் தூக்கிப் போட்டுருவேன்."

அடுத்த சில வாரங்களில் ஒரு ஞாயிறு, ஒன்று வந்தது.

ஒன்றே ஒன்று. மற்ற இரண்டும் குழாய்க்குள் சிக்கிக்கொண்டு ராக்கெட்டோடு விழுந்தன. ஆனால் அந்த ஒன்று... வானத்தில் யாரோ ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் தவறவிட்டது போல இருந்தது. விழாமல், யோசித்து யோசித்து இறங்கியது. மாஸ்டர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதன் கீழேயே ஓடினார். பிடிக்க ஓடவில்லை. கூடவே ஓடினார். எல்லைக் கல் தடுக்கி முட்டி பெயர்ந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மதியமே எழுத உட்கார்ந்தேன். 'ஒன்று இறங்கியது' என்று எழுதினேன். வரி நொண்டியது. அடித்துவிட்டு, 'மூன்று இறங்கின' என்று எழுதினேன். வரி பறந்தது. எழுதுகிறவனுக்கு வரி பறந்தால் போதாதா?

பேப்பர் வந்த அன்று போன் செய்தார். "ஒண்ணுதானுங்களே வந்துச்சு?"

"மீதி ரெண்டும் எப்படியும் வரத்தானே போகுது மாஸ்டர்."

"அட்வான்ஸா எழுதிப் போட்டீங்களாக்கும்," என்று சிரித்தார்.

அந்தப் பத்தியை அவருடைய முதலாளியும் படித்தார்.

"ஏனுங் மாஸ்டர், பேப்பர்லயெல்லாம் வந்திருக்குது, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனி வாசல்லயே உட்டுருங்க. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க. கொக்கு எறங்கறத அவிகளும் பாக்கட்டும்."

சாயந்திரம் மாஸ்டர் நேராக என் பிரஸ்ஸுக்கு வந்தார். உட்காரவில்லை. "இதுவரைக்கும் ஒண்ணுதான் வந்திருக்குது, அதும் ஒருக்காத்தான்னு சொல்லிரட்டுங்களா?"

இங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் அப்போதே தெரியும்.

"சொல்லாதீங்க மாஸ்டர்," என்றேன். "சொன்னா நான் பொய் எழுதினதா ஆயிரும்."

"செரிங்க. எப்படியாச்சும் வர வெச்சறலாம்," என்று போய்விட்டார்.

வரவைத்தும் விட்டார், அதுதான் கொடுமை. குழாயின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கிளைடர்களை மயிரிழை மயிரிழையாகச் செதுக்கினார். வீட்டில் அவர் குழாயைக் கவிழ்த்துக் காட்டியபோது மூன்றும் வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தன. அவர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

பூஜைக்கு முந்தைய நாள் முதலாளி சிவப்பு ஃபோம் ஷீட் கொடுத்தனுப்பினார். வெள்ளை வேண்டாமாம். கம்பெனி கலரில் பறக்க வேண்டுமாம். கம்பெனி பெயரும் இருக்க வேண்டுமாம். ஸ்டிக்கரை அச்சடித்துக் கொடுத்தது நான்தான்.

பூஜை அன்று காலை, கம்பெனியில் தன் டேபிளிலேயே வைத்து மாஸ்டர் புதிதாக மூன்று வெட்டினார். பழைய கிளைடர்களை வைத்து வரைந்து, மடித்து, குழாய்க்குள் செருகப் பார்த்தார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்களே?"

வெளியே மேளம் தட்டத் தொடங்கியிருந்தது. "புது ஷீட்டு, அப்படித்தான் இருக்கும்," என்றேன். கட்டைவிரலால் அழுத்தி மூன்றையும் உள்ளே திணித்தேன். ஆமாம், நான்தான்.

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கம்ப்ரஸருக்கு மாலை. ராக்கெட்டின் நெற்றியிலும் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். கம்ப்ரஸர் குழாயை இழுத்து வந்து காற்று ஏற்றினார்கள். சைக்கிள் பம்ப்பிலிருந்து பதவி உயர்வு. முதலாளியின் உறவுக்காரர்கள் நாற்காலியில். தையல்காரர்கள், செக்கிங் பெண்கள், வடநாட்டுப் பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எல்லோர் கையிலும் போன்.

புஸ்ஸ்ஸ்.

தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே போயிற்று. அவ்வளவு உயரம் அது ஒருநாளும் போனதில்லை. நின்றது. திரும்பியது. மூடி கழன்றது. அதன் பின்னால் எதுவும் வரவில்லை. செங்குத்தாக இறங்கி, பந்தலோரம் இருந்த பொரி அண்டாவில் குத்தியது. அன்று பறந்தது பொரி மட்டும்தான்.

"மாஸ்டர், கொக்கெல்லாம் எங்கீங்க?"

"ஷிப்மெண்டுக்குப் போயிருச்சாமா," என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முதலாளியின் மைத்துனர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "நெசமாலுமே முன்ன மூணு வந்துச்சுங்களா, இல்ல அதும் சும்மா எழுதுனதா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பொரியைப் பார்த்தேன்.

"வந்துச்சுங்க," என்றார் மாஸ்டர். "இன்னைக்குத்தான் வரல."

எல்லோரும் போன பிறகு குழாயைக் கிழித்து ஒரு சிவப்புக் கிளைடரை எடுத்தார். அதன் மேல் பழைய வெள்ளைக் கிளைடரை வைத்தார். வெள்ளையைச் சுற்றி நாலாபக்கமும் சிவப்பு எட்டிப் பார்த்தது. சீராக, கால் இன்ச்.

"தையலுக்கு உட்டிருக்கறன் பாருங்," என்றார்.

எந்தத் துணியை வரைந்தாலும் தைத்து மடிக்க ஓரத்தில் கால் இன்ச் கூட விட வேண்டும். அது மாஸ்டர்களின் முதல் பாடம். ஃபோமில் ஏது தையல்? வீட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் வெட்டியபோது ஒருமுறைகூட அந்தத் தப்பு நடக்கவில்லை. கம்பெனி டேபிள், கம்பெனி பென்சில், கம்பெனி கலர் என்றதும், இருபத்தெட்டு வருஷத்துக் கை அவரைக் கேட்காமலே கால் இன்ச் விட்டுவிட்டது. தனக்கென்று ஒன்று செய்தார். அதையும் பையருக்குச் செய்வது போலச் செய்யவைத்தோம்.

அவர் அதிகம் விட்டது கால் இன்ச். நான் அதிகம் விட்டது இரண்டு கிளைடர். யார் யாரைக் கேலி செய்வது?

செய்தார்கள். வீடியோ, காமெடி வசனம் ஒட்டிக்கொண்டு, சாமளாபுரம் வரைக்கும் போயிற்று. 'கொக்கு மாஸ்டர்' என்று பெயரே ஆகிவிட்டது. அதையும் அவர் தாங்கியிருப்பார். ஆனால் அவர் போட்ட அட்டையைக் கட்டிங் செக்ஷனில் ஒருவர் டேப் வைத்து மறுபடி அளந்திருக்கிறார். "மாஸ்டர் ஒண்ணுமில்லாததை மூணும்பாருங்க, எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கறனுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த அட்டையையும் அளந்தார்கள். அதற்கடுத்ததையும்.

பேட்டர்ன் மாஸ்டரிடம் வேறு என்ன இருக்கிறது? அளவு இவ்வளவு என்று அவர் சொன்னால் அது அவ்வளவு. அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவர் தொழில். அதைத்தான் என் ஒரு வரிக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று நான் சொன்னது பொங்கலுக்கு அப்புறம். "இப்பச் சொன்னா, நானும் பொய் சொன்னேன்னு சேந்து ஆயிருமுங்க," என்றார். கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒடிசாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு யூனிட்டில் மாஸ்டர் வேண்டும் என்றார்கள். அங்கே யாருக்கும் தமிழ்ப் பத்திரிகை படிக்கத் தெரியாது. ஒத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மத்தியான வெயில். ஒடிசாப் பக்கமிருந்து வந்த ரயிலிலிருந்து இங்கே வேலை தேடி ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் அங்கே போக ஏறிக்கொண்டிருந்தார்.

"ராக்கெட் என்னாச்சு மாஸ்டர்?"

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுங்க. பாட்டில் தனி, அட்டை தனியாப் பிரிச்சுட்டான்."

"அன்னிக்கு வந்ததே, அந்த வெள்ளை?"

பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

ரயில் அசைந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றைத் தொடங்கினேன், வழக்கம்போல நீளமாக. அவர் என் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

"எப்படியும் எழுதத்தான் போறீங்க, கவிஞரே. இந்தவாட்டி ஒண்ணுன்னே எழுதுங்க."