மாமியின் சீதனக் காணியும் மிச்சம் வீடும்

பழைய சுவர்த்தாளில் கொதிநீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டும்போது, ஈர மாவும் தூசியும் கலந்தது போன்ற ஒரு பசை மணம் எழும். எண்பதுகளின் பிற்பகுதியில், எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குள் முதல் வாரம் முழுவதும் அந்த மணம்தான் நின்றது. பெரியப்பாவும் அப்பாவும் கடையில் வாங்கிய சுரண்டிகளோடு ஆளுக்கொரு சுவரைப் பிடித்திருந்தார்கள். மாமியிடம் தோசை புரட்டும் ‘தட்டகப்பை’ இருந்தது. ஒரு பூப்போட்ட தாளை உரித்தால் அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே கோடு போட்ட ஒன்று என்று வந்துகொண்டேயிருக்க, “எத்தினை சனம் இருந்து போன வீடு, இனி நாங்கள் இருப்பம்” என்று மாமி சிரித்தார்.

மாமி என்றால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வயது, மணமாகவில்லை. அந்த அறையில் நின்றவர்களில் அந்த வீட்டுக்காகத் தன் சொத்தொன்றை இழந்தவர் அவர் மட்டுமே. ஊரில் அவருக்குச் சீதனமாக எழுதி வைத்திருந்த காணியையும், அதில் கூரை வரைக்கும் எழும்பி நின்ற வீட்டையும் விற்றுத்தான் இந்த வீட்டுக்கான முற்பணம் கட்டப்பட்டது. அதற்குமுன் இரண்டு குடும்பமும் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த மூன்று அறைகளில் வாடகைக்கு இருந்தோம். “வாடகைக்கு இருக்கும்வரைக்கும் இந்த நாட்டிலை நாங்கள் வந்து போற ஆக்கள்தான்” என்பது பெரியப்பாவின் பேச்சு. “சண்டை முடியட்டும் தங்கச்சி, ஊரிலை அதைவிடப் பெரிய காணியா வாங்கித் தாறம்” என்றும் அவர்தான் சொன்னார். மாமி மறுப்புச் சொல்லவில்லை. லண்டனிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்ப, ஊரிலிருந்த உறவினர் ஒருவர் விற்றுக் கொடுத்தார்.

வீடு அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. மாமிக்கு அப்போது நிரந்தர வதிவிட உரிமையும் இல்லை, வேலையும் இல்லை; வங்கி அவர் பெயரைச் சேர்க்கவில்லை. “பிறகு சேர்ப்பம்” என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அன்றைக்கு அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள்.

எங்கள் வீடு வந்த பிறகு சொந்தக்காரர் ஒவ்வொருவராக அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கத் தொடங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்களுக்கு முதல் சோறு எங்கள் வீட்டில்தான். முன்னறை நிலத்தில் ஐந்தாறு பேர் படுத்திருக்காத வாரம் அரிது. அவர்களுக்குப் புட்டு அவித்ததும், குளிர்ச் சட்டை தேடிக் கொடுத்ததும், உள்ளூராட்சிக் கவுன்சில் அலுவலகத்துக்கு எந்த பஸ் என்று சொல்லி அனுப்பியதும் மாமி. ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் ‘லோண்டரி’ ஒன்றில் வேலை கிடைத்த பிறகும் ஷிப்ட் முடிந்து வந்து இதையே செய்தார். மாடியில் கட்டில் ஒன்று மட்டும் கொள்ளும் ‘பொக்ஸ் ரூமில்’ அவரும் நானும் ஒட்டிக்கொண்டு படுப்போம். வெள்ளிக்கிழமைகளில் படிக்கட்டின் கைப்பிடியை ஈரத்துணியால் அவர் துடைப்பதைப் பார்த்தால், ஒரு பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலிருக்கும்.

மாமியைப் பெண் பார்க்க மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஆட்கள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மாப்பிள்ளை விமான நிலையத்தில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். மாமி கொடுத்த தேநீரை வாங்கும்போது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மாமி அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குப் பல நாள் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அக்காதான் கதைத்தார்.

“பிள்ளைக்கு ஊரிலை காணி இருக்கெண்டு கேள்விப்பட்டம்.”

“அது வித்தாச்சு” என்றார் பெரியப்பா.

“அப்ப இந்த வீட்டிலை பங்கிருக்கோ?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். “செய்ய வேண்டியதை நாங்கள் செய்வம்” என்று பெரியப்பா சொன்னதும் அந்த அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு மாமி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். மறுமொழி வரவேயில்லை. பிறகு வேறு கல்யாணப் பேச்சுகளும் வந்து, அதே கேள்வியில் வந்து நின்று, போய்விட்டன.

நாங்கள் வளர்ந்தோம். ஒரு சமையலறை இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை. பெரியப்பா ஹவுன்ஸ்லோவில் வேறு வீடு வாங்குவது, மிச்சம் வீட்டை அப்பாவே எடுத்துக்கொள்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் முடிவானது. தேநீர்த் தட்டோடு வந்த மாமி அதை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அப்ப நான் எந்த வீட்டிலை?”

“ரெண்டும் உன்ரை வீடுதானே தங்கச்சி” என்றார் பெரியப்பா.

“ஆறு மாசம் அங்கை, ஆறு மாசம் இஞ்சை இருக்கலாம்” என்றார் அப்பா.

“நான் என்ன விருந்துக்கு வந்தனானே, சின்னண்ணை? இந்த வீட்டிலை ஒரு அறையை என்ரை பேரிலை எழுதித் தாங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“பிள்ளையளும் வளருதுகள்...” என்று தொடங்கிய அம்மா முடிக்கவில்லை. “ஒரு அறையைத் தனிய எழுதேலாது, பாங்க் விடாது” என்றார் பெரியப்பா.

“என்ரை காணியை விக்கேக்கை மட்டும் எல்லாம் லேசா இருந்தது” என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை. வீட்டில் இருந்தவர்களில் நான்தான் அழுதேன்.

அடுத்த மாதம் லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில், கூட வேலை செய்த பெண்ணொருத்தியின் வீட்டில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனார். “காரிலை கொண்டு போய் விடுறன்” என்று அப்பா வாசல்வரை வந்தார். “வேண்டாம் அண்ணை, பஸ் இருக்கு” என்றார் மாமி. என் தலையைத் தடவி, “நீ என்னட்டை வா பிள்ளை. நான் இனி இஞ்சை வரமாட்டன்” என்றார்.

வரவில்லை. பின்னாளில் கவுன்சில் அவருக்கு ஒரு சின்ன ‘பிளாட்’ கொடுத்தது. சில வருடங்கள் கழித்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், “வா தங்கச்சி, வீட்டிலை உனக்கும் பங்கெழுதுறன்” என்று கேட்டார். மாமி அவருக்குப் பால் அதிகம் விட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி தேநீர் போட்டுக் கொடுத்தார். “அப்ப தந்திருந்தா எனக்கொரு குடும்பம் இருந்திருக்கும், அண்ணை. இப்ப அது வெறும் அறை” என்றார். அப்பா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். அப்பா இறந்து, கிரியைக்காக உடலை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, மாமி எதிர்ப்பக்க நடைபாதையில் மழைக்குள் நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தும் உள்ளே வரவில்லை. பெட்டி வெளியே வந்த பிறகுதான் ஓடி வந்து அதன்மேல் விழுந்து, “சின்னண்ணை” என்று கதறினார்.

இன்று அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் யாருமில்லை. பெரியப்பாவும் இறந்துவிட்டார், அவர் பிள்ளைகள் வேறு நாடுகளில். வீடு விற்கப்பட்டுக் கைமாறிவிட்டது. முன்பக்கத்தில் இருந்த சின்னப் புல்தரையை மூடி யாரோ கார் நிறுத்தக் கல் பதித்திருக்கிறார்கள். முதல் சோறு சாப்பிட்டுப் போனவர்களின் பிள்ளைகளுக்கு அப்படியொரு வீடு இருந்ததே தெரியாது.

சென்ற குளிர்காலத்தில் மாமி காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன், ஆஸ்பத்திரியில் நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த தாதி, பெயர் கேட்டாள், பிறந்த வருடம் கேட்டாள், வீட்டு விலாசம் கேட்டாள். வால்தம்ஸ்டோவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்த மாமி, கண்ணை மூடியபடி, மிச்சம் வீட்டின் இலக்கத்தையும் தெருவையும் தபால் குறியீட்டையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். தாதி கையிலிருந்த தாளில் வேறு விலாசம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இதுதானா இவருடைய வீடு என்று என்னிடம் கேட்டாள்.

“ஓம்” என்று முதலில் தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு அவளுக்கு விளங்கும் மொழியிலும் அதையே சொன்னேன்.