ஆத்தா வரவில்லை, நான்தான் பேசினேன்

எஸ்டேட்டில் என்னை வாயில்லாதவள் என்றுதான் சொல்வார்கள். காபிப் பழம் பறிக்கும்போது பக்கத்தில் ஆள் வந்தாலும் தலை நிமிர மாட்டேன். கோபம் வந்தால் மட்டும் அப்படியில்லை. வேலை முடிந்து ஒருத்தி எனக்காக நிற்காமல் நடந்துவிட்டால் போதும், எல்லோரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு பற்றிக்கொள்ளும். கத்துவேன். உடம்பு உதறும். முடி அவிழ்ந்துவிடும்.

எங்கள் ஆட்கள் அதை ஆத்தா வருகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கையில் வேப்பிலையைத் திணித்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்பார்கள். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று ஒருமுறை அழுதேன். பொங்கல் வைக்காததைத்தான் அம்மன் சொல்கிறாள் என்று முடிவு கட்டி, அந்த வாரமே கோழி அறுத்தார்கள். யார் என்னை விட்டுப் போனாள் என்று அழுதேனோ அவளே கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன், ஆஸ்பத்திரியில் கையில் தையல் போட்டார்கள். அங்கேதான் சேலத்து மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்டர்லைன் என்ற ஆளுமைக் கோளாறு என்றார் டாக்டர். பேசிப் பேசிச் சரிசெய்ய அங்கேயே ஓர் அம்மாவிடம் செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொன்னார். கோபத்தை விழுங்கு என்று அந்த அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். எனக்குக் காதில் தொடங்கும், காது சுடும். அப்போது முகத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். இது கோபமா, அடியில் பயமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எழுதினால் எளிதாக இருக்கிறது. கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆனது, நடுவில் பாத்திரங்களும் உடைந்தன. இப்போதும் காது சுடுகிறது. ஆனால் சூட்டுக்கும் கத்தலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் கிடைத்திருக்கிறது.

நான் இருப்பது அண்ணன் வீட்டில். ஆத்தா வருவது நின்றது அவருக்குப் பெரிய குறை. சேலத்துக்காரர்கள் அம்மனை விரட்டிவிட்டார்கள் என்றார். கோயில் திருவிழாவான நோம்பியன்று ஆத்தா வந்துவிட்டால் அதன்பிறகு நான் சேலத்துக்குப் போகக் கூடாது என்று முடிவும் செய்துவிட்டார்.

நோம்பியன்று மத்தியானம் கோயிலில் என் காதருகே பம்பை அடித்தார்கள். அண்ணன் சொல்லித்தான். என் விஷயத்தில் ஆளாளுக்கு முடிவெடுக்கிறார்களே என்று காது கொதித்தது. முடி அவிழ்ந்தது. "ஆத்தா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் கைகூப்பி, "ஆத்தா, இந்தப் புள்ள சேலம் போகக்கூடாதுன்னு உன் வாயால சொல்லு" என்றார்.

பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்க் குடம் இருந்தது. எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டேன். அதற்கும் குலவை போட்டார்கள். மூச்சு அடங்கும்வரை நின்றேன்.

"ஆத்தா வரலீங்ணா. நான்தான் பேசறேன். எனக்கு உங்க மேல கோவம்."

பம்பை நின்றது. பெண்கள் சிரித்தார்கள். "வைத்தியம் பாத்து வாய்தான் நீண்டிருக்குது" என்றார் அண்ணன்.

"ஆத்தா சொன்னா கேப்பீங்க, கூடப் பொறந்தவ சொன்னா கேக்க மாட்டீங்களா? செவ்வாக்கெழம நான் சேலம் போவேனுங்க."

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். முன்பென்றால் அந்த மௌனமே என்னைக் கொன்றிருக்கும். பயம் வரத்தான் செய்தது. இது பயம் என்று சொல்லிக்கொண்டே சோறு ஆக்கி, அவருக்கும் போட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒருத்தி, "ஏனக்கா, ஆத்தாவ ஓட்டிட்டீங்களாமா?" என்று கேட்டாள். நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"ஆத்தா கோயில்ல நல்லாத்தான் இருக்கறாங்க. கோவம் என்னுது கண்ணு. அத நானே வெச்சுக்கிட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றேன்.

தள்ளி உட்கார்ந்தாள்.