மோகனத்துக்குச் செவ்வாய்க் குற்றம்

சங்கீதம் படிப்பிக்கிறவருக்குத் தொண்டை போவது பாடியல்ல, விளக்கம் சொல்லிச் சொல்லித்தான். என்னைப்போல வகுப்பு நடத்தி நொந்தவர்களே, உங்களுக்கு இது தெரியாததா?

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு வாசிகசாலையின் பின்னறையில் என் வகுப்பு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாட்டுச் சத்தத்தைப் பொறுக்கிற வேறு இடம் இல்லை; இந்த அறை போனால் வகுப்பும் போச்சு. சுவரில் பெரிய வட்டம் கீறி, மணிக்கூட்டில் இலக்கம் இருப்பதுபோலப் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கும் புள்ளி வைத்திருக்கிறேன். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை இணைத்தால் வருகிற ஐங்கோணத்தை மட்டையில் வெட்டி, நடுவில் ஆணி அடித்திருக்கிறேன். மட்டையைத் திருப்பி, 'ரி' இருந்த மூலையை 'ச'வின் இடத்துக்குக் கொண்டுவந்தால் அதே வடிவம் மத்தியமாவதி ஆகிவிடும். 'க' இருந்த மூலையைக் கொண்டுவந்தால் ஹிந்தோளம். எவ்வளவு அழகான விஷயம்! யாராவது அதைப் பார்த்தால்தானே.

சாதகம்

வாசலில் 'சனிக்கிழமை காலை: சாதகம்' என்று பலகை போட்டிருந்தேன். பாடிப் பழகுவதைச் சங்கீதத்தில் அப்படித்தான் சொல்வோம். சாம்பல்தீவிலிருந்து ஒருவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பவ்வியமாகக் கதிரையில் இருந்தார். மகளுக்காம். வயது இருபத்தெட்டு என்றார். பாட்டுக்கு வயது ஏது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். குரல் எப்படி என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரலை விடுங்கோ டீச்சர். பிள்ளைக்குச் செவ்வாய் எந்த வீட்டில நிக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

பொல்லடி

பன்னிரண்டு சுரத்தைப் பன்னிரண்டு ராசியாக்கிய கோபம் எனக்கு ஆறவே இல்லை. அப்போதுதான் கிண்ணியாவில் பொல்லடிக் குழு வைத்திருக்கிற, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் பேப்பர் பார்க்க வந்தார். வட்டமாக நின்று, பொல்லு என்கிற குறுந்தடிகளை ஒன்றோடொன்று தட்டித் தாளம் பிசகாமல் ஆடுகிறவர்கள் அவர்கள். இவருக்காவது விளங்கும் என்று கூப்பிட்டுக் காட்டினேன். மோகனத்தில் 'ரி'யை நடுவாக வைத்தால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருக்கும் என்பதையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெறுமையாக இருந்த புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆட்டக்காரர் நிற்கிற இடம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்!

"அஞ்சு பேர வெச்சு என்னெண்டு பொல்லடிக்கிற, டீச்சர்? மிச்ச ஏழு பேரும் வரல்லயா?"

பொருத்தம்

கடைசியில் வாசிகசாலைச் செயலாளரே வந்துவிட்டார். "பின்னறையில சாத்திரம் பாக்கிறீங்கள் எண்டு முறைப்பாடு வந்திருக்கு. மாத முடிவில அறையை விடுங்கோ. சுவருக்கும் வெள்ளை அடிக்கப்போறம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் முன்னறையில் இருந்து என் பாட்டைக் கேட்ட மனிதர்! "இருந்து கேளுங்கோ" என்று மோகனத்தைப் பாடினேன். மட்டையைத் திருப்பி, மத்தியமாவதியைப் பாடினேன். வடிவம் ஒன்று, ராகம் இரண்டு, என்ன நெருக்கமான உறவு பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் எழும்பிப் போய், தானே மட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தார். "சரி டீச்சர், நீங்கள் இருங்கோ. முறைப்பாட்டை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். ஒருவருக்காவது விளங்கியதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மோகனத்துக்கும் மத்தியமாவதிக்கும் இவ்வளவு வடிவாப் பொருத்தம் பாக்கிற நீங்கள், என்ர மகளுக்கும் ஒருக்காப் பாத்தாத்தான் என்ன?"

அறை தப்பியது, பலகையில் 'சாதகம்' என்பதை அழித்துப் 'பயிற்சி' என்று எழுதினேன், இப்போது கராத்தே உடுப்பு எங்கே வாங்குவது என்று கேட்டு வருகிறார்கள்.