மெல்லப் பாடச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் தெருமுனை மளிகைக்கடைக்காரர் வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்துக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கல்யாணத்தின்போதே பாதி போயிருந்தது. முழுச்செவிடு என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தட்டு விழுவதும் நாய் குரைப்பதும்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஆகவே நான் கத்துவேன். கத்திக் கத்தி, இப்போது அதுதான் என் பேச்சு.

அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் என் பாட்டு. திருவள்ளூருக்குக் குடிவந்த பிறகு ஒருநாள் காலை, சாம்பாரில் உப்பு போதுமா என்று தொண்டை கிழியக் கேட்டேன். அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்படியில் நின்று ஆண்டவரிடம் புலம்பினேன். புலம்பும்போதே, ஆண்டவரிடம் மட்டும் நான் கத்த வேண்டியதில்லையே என்று தோன்றியது. உடனே வரி வந்துவிட்டது:

“மெல்லக் கூப்பிட்டாலும் கேட்கிறவரே,
உதடு அசையுமுன்னே அறிகிறவரே.”

வெங்காயம் வதங்குவதற்குள் பல்லவி முடிந்தது. சரணங்கள்தான் ஒரு வாரம் படுத்தி எடுத்தன.

ஞாயிறு ஆராதனையில் பாடினேன். சபை எழுந்து நின்று கைதட்டிப் பாடியது. இதைப் பதிவுசெய்து சபையின் யூடியூபில் போடலாம் என்றார் பாஸ்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் ஆண்கள் பக்கம் திரும்பினால், என் வீட்டுக்காரர் அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்து, தாளத்துக்கு ஒரு அடி தள்ளித் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் அலறிய அலறலில் அவருக்கு ஒரு வார்த்தையும் போயிருக்காது.

வீட்டுக்கு வந்து எதிரில் உட்காரவைத்துக் கத்திப் பாடிக் காட்டினேன்.

“நல்லாத்தான் கீது” என்றார், மரியாதைக்கு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரெல்லாம் கேட்டு, இந்த மனிதர் ஒருவர் கேட்கவில்லையென்றால் அந்தப் பாட்டு எனக்கு எதற்கு? தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்தார், நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் சொன்னார். படிப்பதும் கேட்பதும் ஒன்றா?

சபையில் கீபோர்டு வாசிக்கும் பிரதருக்குக் கடம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டி வீடு. அதில் ஓர் அறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவில் பழைய மெத்தை. அப்படியும் ரயில் சத்தம் உள்ளே வரும். அது போனபிறகுதான் பதிவு. என் வீட்டுக்காரரை வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போய், எனக்கு நேரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டும் என்று ஆசை.

முதல் வரி முடிவதற்குள் பிரதர் ஹெட்போனைக் கழற்றினார்.

“சிஸ்டர், மெல்ல கூப்ட்டாலும்னு சொல்லிக்கினு இப்டி கத்துனா எப்டி? மைக்கு பாவம்.”

ஓரடி தள்ளி நின்றேன். அப்புறம் இன்னும் தள்ளி. கடைசியில் என் முதுகு கதவு மெத்தையில் இடித்தது.

“இன்னும் கொறச்சலா, சிஸ்டர்.”

குறைத்தால் சுருதி கீழே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்க ஊட்ல வந்து ஒரு நாளு குந்திப் பாருங்க பிரதர், அப்ப தெரியும் கொறக்கிறது எப்டின்னு” என்றேன்.

என் வீட்டுக்காரரோ, பதிவு அமோகமாக நடக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரதர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மைக் ஸ்டாண்டைத் தூக்கி, நான் சுவரைப் பார்த்துப் பாடும்படி மாற்றி வைத்தார்.

“அண்ணனப் பாத்துக்கினு பாடறீங்க, அதான் கத்தறீங்க. அவரை வுட்டுட்டு ஆண்டவராண்ட பாடுங்க.”

முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினேன். அடுப்படி ஞாபகம் வந்தது. பாடினேன். வெளியே வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது. அடுத்த ரயில் வருவதற்குள் பாட்டு முழுசாக முடிந்துவிட்டது. பிரதர் “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் தானாகவே ஒரு காரியம் செய்தார். இசையை எல்லாம் எடுத்துவிட்டு, என் குரலை மட்டும் கூட்டி, ஹெட்போனை என் வீட்டுக்காரர் காதில் மாட்டினார். இதிலும் கேட்கவில்லையென்றால் இனி எதிலும் இல்லை.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினார். அதுவும் முடிந்தது.

“யாரு பாட்னது?” என்றார்.

பிரதர் என்னைக் காட்டினார்.

“உன் கொரலு இப்டியா கீது?” என்று என்னைப் பார்த்தார். ஹெட்போனை இன்னும் கழற்றவில்லை. “நீ எப்பவும் எம்மேல கோவமா கீறேன்னு நெனச்சினு இருந்தேம்மே. தெனம் கத்துவியா… நானும் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சினே கெடப்பேன்.”

இத்தனை வருஷமும், சாப்பிட வாருங்கள் என்று நான் கூப்பிட்டதெல்லாம் இவருக்குத் திட்டாகவா போய்ச் சேர்ந்தது? இல்லவே இல்லை என்று வழக்கம்போல் கத்தத்தான் வாயைத் திறந்தேன். பிரதர் அவசரமாக என் கையைப் பிடித்து நிறுத்தி, மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார்.

“கோவம்லாம் இல்லைங்க” என்றேன், மெல்ல.

“இன்னொரு தபா சொல்லு” என்றார்.

சொன்னேன்.